மோட்டார் சைக்கிள் பயில்வோருக்கான காப்புடை

பெங்களூரு நகரத்து வீதிகளில் ஓடும் வண்டிகளுள் பெரும்பான்மையானவை இரு சக்கர வண்டிகளே. அவற்றை ஆக்கும் தொழிலும் இந்நகரத்தை அடுத்தே வளர்ந்துள்ளது. மைசூரில் 1961ஆம் ஆண்டு ஜாவா மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது. ஓசூரில் 1980ஆம் ஆண்டு டி.வி.எஸ். மொபெட் உருவாகியது. இன்று பதினெட்டு வயது நிரம்பி உரிமம் பெறும் மாணவனும், சிற்றூர்களுக்குச் சுற்றுப்பயணம் செல்லும் களப்பணியாளரும், பள்ளிக்கு விரையும் ஆசிரியையும் இவ்வண்டியையே நம்பியுள்ளனர். ஆனால், வண்டியைத் தேர்ந்தெடுக்கப் பல நாட்கள் ஆராயும் ஒருவர், அதன்மீது அமரும்போது அணிய வேண்டிய உடையைப்பற்றி ஒரு நாழிகையேனும் சிந்திப்பது அரிது.

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துக்களில் மாண்டோர் 1,68,491 பேர். அவருள் 74,897 பேர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவ்வாண்டில் தலைக்கவசம் அணியாமல் மாண்டவர்களின் தொகை 50,029. இவர்களுள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். ஆகவே, காப்புடையைத் தேர்ந்தெடுப்பது அழகைப்பற்றிய வினா அன்று. விஞ்ஞான முறையில் விடை காண வேண்டிய வினாவாகும்.

மெதுவாகச் சென்றால் அபாயம் இல்லையா?

'நகரத்து நெரிசலில் நாம் விரைந்து செல்வதில்லை. நமக்குக் காப்புடை எதற்கு?' என்று பலர் கேட்பர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை, அவை நிகழ்ந்த இடங்களுக்கே சென்று ஆராய்ந்த ஹாரி ஹர்ட் குழுவினர் 1981ஆம் ஆண்டு தம் அறிக்கையை வெளியிட்டனர். மோதல் நேரத்தில் இருந்த வேகங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது மணிக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டரே என்று அவர்கள் கண்டனர். இது ஓசூர் சாலையிலும் நாள்தோறும் காணும் வேகமேயாகும்.

மேலும், சவாரி செய்பவர் கீழே விழும்போது அவருடைய தலை தரையை நோக்கி இறங்கும் வேகம் வண்டியின் வேகத்தைப் பொறுத்ததன்று. தலை இருந்த உயரத்தைப் பொறுத்தது. நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து சரிந்து விழுபவரின் தலையும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. தரையை அடையும்போது அதன் வேகம் விநாடிக்கு 5.4 மீட்டர், அதாவது மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும்.

தலைக்கவசம் இயங்கும் விதம்

தலைக்கவசத்தின் பயனை மருத்துவ உலகம் உணர்ந்த வரலாறு அறியத்தக்கது. 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்து, நினைவு திரும்பாமலே ஆறாம் நாள் உயிர் துறந்தார். அவரைக் கவனித்த மருத்துவருள் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அவர் இராணுவத் தூதர்களுக்கு நேர்ந்த தலைக்காயங்களை ஆராய்ந்து 1941ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பர் மாதமே, பணியில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் வீரர் யாவரும் தலைக்கவசம் அணிய வேண்டுமென்று பிரிட்டிஷ் இராணுவம் கட்டளையிட்டது.

கவசத்தின் வெளியோடு மட்டுமே தலையைக் காப்பதாகப் பொதுமக்கள் எண்ணுகின்றனர். உண்மையில் மூளையைக் காப்பது உள்ளே இருக்கும் வெண்ணிற நுரைப்பொருளே. வெளியோடு அடியைப் பரந்த இடத்திற்குப் பகிர்ந்தளிக்கிறது. நுரை நசுங்கி, தலை நிற்பதற்குச் சிறிது தூரம் அளிக்கிறது. இத்தூரத்தின் பயனை எளிய கணக்கால் அறியலாம். விழும் பொருள் சீராக வேகம் குறைந்து நின்றால், விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுக்க வரும் எண்ணே, அது புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு தாக்குதலுக்கு உட்படுகிறது என்பதைக் காட்டும். ஒன்றரை மீட்டர், அதாவது 1,500 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழும் தலை வெறும் தரையில் 2 மில்லிமீட்டருக்குள் நின்றால் 750 மடங்கு. நுரை 25 மில்லிமீட்டர் நசுங்கினால் 60 மடங்கு.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் பழைய நிலையை அடையாது. ஆகவே பலத்த அடி வாங்கிய கவசம் வெளியே பிளவு தோன்றாவிடினும் கழிக்கத்தக்கதே. அன்றியும், நுரை இல்லாத அல்லது மெல்லிய பஞ்சு மட்டும் வைத்த மலிவான தொப்பிகள் கவசத்தின் தோற்றத்தைத் தருமே அன்றி அதன் பயனைத் தரமாட்டா.

கவசத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 4151 என்னும் தரநிர்ணயம் இரு சக்கர வண்டிக்கான தலைக்கவசத்திற்கு உரியது. 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தொட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெறாத கவசத்தை விற்பது சட்டப்படி குற்றம். நடைபாதைக் கடைகளில் போலி முத்திரையும் காணப்படுவதால், முத்திரையோடு அச்சிட்டுள்ள உரிம எண்ணை அவ்வமைப்பின் கைப்பேசிச் செயலியில் இட்டுச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

முகம் முழுவதையும் மூடும் கவசமே பயில்வோருக்கு ஏற்றது. ஜெர்மனியில் டீட்மார் ஓட்டே என்பவர் விபத்துக்களில் அடிபட்ட கவசங்களை ஆராய்ந்தபோது, அடிகளுள் மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில் விழுந்திருக்கக் கண்டார். அரைக்கவசம் இப்பகுதியைத் திறந்தே விட்டுவிடுகிறது.

அளவு மிக இன்றியமையாதது. புருவத்திற்கு ஒரு விரல் மேலாகத் தலையைச் சுற்றி நாடாவால் அளந்து அதற்கேற்ற அளவைப் பெற வேண்டும். அணிந்தபின் கவசத்தை அசைத்தால் கன்னத்துத் தோலும் உடன் அசைய வேண்டும். வாரைப் பூட்டிவிட்டுப் பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கி உருட்டினால் அது கழன்று வரலாகாது. வாருக்கும் தாடைக்கும் இடையே இரண்டு விரல்களுக்கு மேல் இடம் இருத்தல் தகாது. பூட்டாத கவசம் முதல் மோதலிலேயே பறந்துவிடும் என்பதை நினைவில் இருத்துக. பெட்ரோல், வண்ணம் கரைக்கும் திரவம் முதலியவற்றால் கவசத்தைத் துடைத்தல் கூடாது. அவை ஓட்டையும் நுரையையும் அரிக்கும்.

தோலைக் காக்கும் ஆடை

விழுந்தவர் உடனே நிற்பதில்லை; தார்ச்சாலையில் சறுக்கிச் செல்கிறார். மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் விழுபவர், உராய்வுக் கெழு 0.6 எனக் கொண்டால், 8 மீட்டர் தூரம் சறுக்குவார். இதற்கு ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். சாதாரண ஜீன்ஸ் துணியோ தேய்ப்புப் பரிசோதனையில் ஒரு விநாடிக்குள்ளேயே கிழிவதுண்டு. மெல்லிய நைலான், பாலியெஸ்டர் துணிகள் உராய்வின் வெப்பத்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளவும் கூடும். மோட்டார் சைக்கிள் உடைக்கென முன்னர் ஐரோப்பாவில் வழங்கிய தரநிர்ணயம் ஒன்று, தோள், முழங்கை, முழங்கால் முதலிய இடங்களில் துணி 4 விநாடியேனும் தாங்க வேண்டும் என்று விதித்தது.

தடித்த மாட்டுத்தோல் இதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. தோலின் இழைகள் நெய்த துணியைப்போல நீளவாட்டிலும் குறுக்கிலும் மட்டும் அமையாமல், எல்லாத் திசைகளிலும் பின்னிக் கிடப்பதால், ஓரிடத்தில் தேய்ந்தாலும் கிழிசல் எளிதில் பரவாது. 1965ஆம் ஆண்டு ஸ்டெஃபனி குவோலெக் என்னும் அம்மையார் கண்டறிந்த இழையிலிருந்து உருவான கெவ்லார் முதலியவையும் இன்று பயன்படுகின்றன. கோடையில் தோல் உடை வருத்துமாயின், உறுதியான வலைத்துணியாலான சட்டையைக் கொள்ளலாம். கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கு மேல் அமைந்த பெங்களூருவில் இவ்வுடையைப் பெரும்பாலான மாதங்களில் வருத்தமின்றி அணியலாம்.

தோளிலும் முழங்கையிலும் அடியைத் தாங்கும் அட்டைகள் உள்ளனவா என்று பார்க்க. வெறும் பஞ்சு அட்டை போதாது. ஐரோப்பியத் தரநிர்ணயமான இ.என். 1621இன் எண் பொறித்தவற்றைக் கொள்க. உடை உடலோடு பொருந்தியிருந்தாலன்றி, விழும்போது அட்டை இடம் பெயர்ந்துவிடும்.

எதை முதலில் வாங்குவது?

எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வாங்கும் வசதி பலருக்கு இராது. முதலிடம் தலைக்கவசத்திற்கே உரியது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008ஆம் ஆண்டு வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது எனக் கணித்தது.

அடுத்து எது? 2011ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் குழுவினர் விபத்துக்குள்ளான 212 பேரை ஆராய்ந்தனர். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை, இதற்கெனச் செய்த கையுறை அணிந்தவர்களிடம் 59 சதவீதமும், காற்சட்டை அணிந்தவர்களிடம் 51 சதவீதமும், மேற்சட்டை அணிந்தவர்களிடம் 21 சதவீதமும் குறைந்திருந்தது. சாதாரணப் பூட்ஸ் அணிந்தவர்க்கும், காலணி மட்டும் அணிந்தவரைவிடப் பாதக் காயம் பாதியளவே நேர்ந்தது. விழுபவர் இயல்பாகவே கையை ஊன்றுகிறார் என்பதை எண்ணினால் கையுறையின் சிறப்பு விளங்கும். ஆகவே தலைக்கவசம், கையுறை, கணுக்காலை மூடும் பூட்ஸ் என்னும் மூன்றையும் முதலிலும், மேற்சட்டையையும் காற்சட்டையையும் பின்னரும் வாங்குவது சிக்கனத்திற்கும் அறிவுக்கும் ஒத்த வரிசையாகும். செருப்போடு பயிலத் தொடங்குவது அறவே தவிர்க்கத்தக்கது.

அதே ஆராய்ச்சியில் மேற்சட்டை, காற்சட்டை, கையுறை ஆகியவற்றுள் கால் பங்கிற்கு மேற்பட்டவை விபத்தில் கிழிந்து பயனற்றுப் போயின என்பதும் கவனிக்கத்தக்கது. விலையையோ விளம்பரத்தையோ நம்பாமல், தையலையும் தரமுத்திரையையும் பார்த்து வாங்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும். நல்ல உடையும் தோலையும் மூட்டுக்களையும் காக்குமே அன்றி, பேருந்தோடு நேர் மோதும்போது மார்பையும் எலும்பையும் முற்றிலும் காத்துவிடாது.

செலவின்றிப் பெறும் காப்பும் ஒன்று உண்டு, அது நிறம். நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்து 2004ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியில், ஒளி மீளும் உடை அணிந்தவர்க்கு விபத்துக் காய அபாயம் 37 சதவீதமும், கறுப்புக் கவசத்தைவிட வெள்ளைக் கவசம் அணிந்தவர்க்கு 24 சதவீதமும் குறைந்திருந்தது.

பின்னால் அமர்வோரும் குழந்தைகளும்

சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி உயிருக்கு ஊறு விளைப்பதுண்டு. பின் சக்கரத்தில் பாதியேனும் மறையுமாறு காப்புத் தகடு அமைய வேண்டும் என மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி கூறுகிறது. அழகுக்காக அதைக் கழற்றுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் பின்னால் அமர்வோரும் கவசம் அணிய வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் அணிய வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டு திருத்தத்தின் பின் நாடு முழுமைக்கும் உரிய சட்டம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குக் கவசத்தோடு, ஓட்டுபவருடன் பிணைக்கும் வாரும் வேண்டும். அப்போது வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. இவ்விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடப்பிலுள்ளது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் விளக்க ஒரு முட்டையும் சிறிது நுரை அட்டையும் போதும். வெறும் தரையில் விழும் முட்டைக்கும் நுரைமீது விழும் முட்டைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் தாமே கண்டு, மேலே தந்த வகுத்தலைத் தாமே செய்வராயின், தத்தம் தந்தையரிடம் அவர்களே வினவத் தொடங்குவர். காலையில் பள்ளி வாயிலில் இறங்கும் குழந்தைகளுள் எத்தனை பேர் தலையில் கவசம் இருக்கிறது என எண்ணிப் பார்ப்பதே அவ்வகுப்பின் முதற் பாடமாகலாம்.