மருந்து உண்டும் இருதயத்தில் இரத்தம் உறைவது ஏன்?

இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்களுக்கு, இரத்தம் உறையாதிருக்க டாக்டர்கள் மருந்து கொடுப்பதை நம் அங்கத்தினர் அறிவர். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களிலும் அம்மாத்திரையை நாள்தோறும் உண்ணும் முதியோர் உளர். “மாத்திரை உண்கிறோம், இனி அச்சமில்லை” என்று அவர்கள் எண்ணுவது இயல்பே. ஆயினும், மருந்து உண்போருள் சிலரது இருதயத்திலும் இரத்தக் கட்டி காணப்படுகிறது. இஃது ஏன் நேர்கிறது, இதைத் தவிர்க்க நாம் செய்யத்தக்கது யாது என்பதை இங்கு விளக்குவோம்.

கட்டி தோன்றும் இடம்

இருதயத்தின் மேலறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி, இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ள வேண்டும். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ எனும் நோயில் அவை சுருங்காமல் நடுங்குகின்றன. பழுதுற்ற தறியின் ஓசைபோல் நாடி தாளமின்றித் துடிக்கிறது. இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போன்ற பகுதி ஒன்று உண்டு. ஏரியின் மூலையில் ஓட்டமின்றி நிற்கும் நீரில் பாசி படர்வதுபோல், அப்பையில் தேங்கும் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் உண்டாகும். இந்நோயுற்றோருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ 5 மடங்கு அதிகம். வார்பரின் என்னும் மருந்து அவ்வாய்ப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கிறது.

மாட்டுத் தீவனத்தில் பிறந்த மருந்து

இம்மருந்தின் வரலாறு பயிரிடுவோர்க்குச் சுவையானது. 1920ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவில், ‘ஸ்வீட் க்ளோவர்’ எனும் தீவனப் பயிரின் பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் பெருகி மாண்டன. 1933இல் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர், மாண்ட கன்றையும், உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும், அவ்வைக்கோலையும் எடுத்துக்கொண்டு கார்ல் பால் லிங்க் என்னும் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார். பல்லாண்டு உழைத்து அங்கே அந்நஞ்சைப் பிரித்தறிந்தனர். அதன் வழிவந்த வார்பரின் 1948இல் எலி மருந்தாகவும், 1954இல் மனிதர்க்குரிய மருந்தாகவும் வந்தது. இன்று நம் வயல்களில் வைக்கும் புரோமடியோலோன் எலி மருந்தும் இதே குலத்தது. அளவு மிகின் நஞ்சு, குறையின் பயனில்லை என்பது இதனால் விளங்கும்.

தவறு எங்கே நேர்கிறது?

மருந்து உண்போர் 14,000க்கு மேற்பட்டோரைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் பார்த்ததில், நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேரிடம் கட்டி இருந்தது. துடிப்பு எப்போதும் ஒழுங்கற்று இருப்போரிடம் இது மிகுதி. மேலறை விரிவு, வால்வுச் சுருக்கம் முதலிய நோயின் கடுமை ஒரு காரணம். அது நம் கையில் இல்லை; மருந்தின் அளவு நம் கையில் உண்டு.

வார்பரின், அசினோகூமரால் உண்போர்க்கு ‘ஐ.என்.ஆர்.’ என்ற இரத்தப் பரிசோதனை உண்டு. மருந்து உண்ணாதவர்க்கு இது சுமார் 1 இருக்கும். இந்நோயில் பெரும்பாலும் 2 முதல் 3 வரை இருத்தல் வேண்டும். 2க்குக் கீழே இறங்கினால் கட்டி சேரும். 3ஐ வெகுவாகத் தாண்டினால் இரத்தம் கசியும். மாத்திரையின் எண்ணிக்கை மாறாதிருந்தும் இவ்வளவு மாறும். முருங்கைக்கீரையும் பசலையும் ஒரு வாரம் மிகுதியாக உண்டால் மருந்தின் வலிமை குறையும். ஆகவே கீரையை விலக்க வேண்டுவதில்லை; ஒரே அளவாக உண்ண வேண்டும். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசின் மருந்து வார்பரினின் வலிமையைக் குறைக்கும்; வேறு சில மருந்துகள் கூட்டும். தறியில் அமர்ந்து இடுப்பு நோகிறதென்று கடையில் வாங்கும் வலி மாத்திரை இரத்தக் கசிவை உண்டாக்கும்.

டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் ஆகிய புது மருந்துகளுக்கு இப்பரிசோதனை வேண்டுவதில்லை. ஆனால் அவற்றின் பலன் ஒரு நாளளவில் தீர்ந்துவிடும். ஒருவேளை தவறினும் காவல் குறையும். ரிவராக்சபானை உணவோடு உண்ண வேண்டும். வெறும் வயிற்றில் அது சரியாகச் சேராது.

இளமையில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர் நம் நாட்டில் அநேகர். ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்க நாடுகளில் அத்தகைய வால்வு நோயாளர் 4,500 பேரிடம் செய்து, 2022இல் வெளியான ஆய்வில், ரிவராக்சபானைவிட வார்பரின் குலத்து மருந்தே மேல் எனத் தெரிந்தது. ஆதலின் பரிசோதனைக்குச் சலித்து, அண்டை வீட்டார் உண்ணும் புது மருந்துக்குத் தாமே மாறுதல் தகாது.

நாம் செய்யத்தக்கன

மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில் உண்க. ஒருவேளை மறந்தால் மறுநாள் இரட்டிப்பாக உண்ணற்க. பல் பிடுங்குவதற்கென்றாலும் டாக்டரைக் கேளாமல் நிறுத்தற்க. வேறெந்த மருந்து வாங்கும்போதும் இம்மருந்தின் பெயரைச் சொல்க. மலம் கறுத்தாலும், சிறுநீரில் இரத்தம் கண்டாலும், தலையில் அடிபட்டாலும் உடனே மருத்துவமனை செல்க. வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ தாமதியாது 108ஐ அழைத்து, மருந்துச் சீட்டையும் உடன் கொண்டு செல்க.

நம் சங்கத்தில் பாஸ் புத்தகத்தைப் பாராமல் இருப்புத் தொகையை எவரும் நம்புவதில்லை. மருந்துக்கும் அத்தகைய கணக்கு வேண்டும். பரிசோதனை நாள், ஐ.என்.ஆர். அளவு, மாத்திரை அளவு ஆகிய மூன்றையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வருக. எழுதப் படிக்க இயலாத முதியோர்க்கு அண்டை அங்கத்தினர் எழுதித் தருக. இரத்தம் கொடுக்கும் நாளில் துணைக்கும் செல்க. ஒருவர் கூலி இழப்பிற்கு அஞ்சிப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதிருக்க மற்றவர் கைகொடுப்பதும் கூட்டுறவே.