ஊது உலைகளை இடிக்காத பூங்கா

ஜெர்மனியின் ரூர் பகுதியில், டூயிஸ்பர்க் நகரின் மைடரிச் இரும்பாலை 1985-ல் மூடப்பட்டது. தொழிலதிபர் ஆகஸ்ட் தைசன் 1901-ல் நிறுவிய ஆலை அது. மூடியபின் எஞ்சியவை துருவேறிய ஊது உலைகளும், நச்சேறிய மண்ணும், பக்கத்தில் திறந்த சாக்கடையாக ஓடிய பழைய எம்ஷர் ஆறும்தான். எல்லாவற்றையும் இடித்துத் தள்ளுவதே வழக்கமான வழி. உள்ளூர் மக்கள் அதை எதிர்த்தார்கள். 1991-ல் நடந்த வடிவமைப்புப் போட்டியில், நிலக்காட்சிக் கலைஞர் பீட்டர் லாட்ஸின் திட்டம் தேர்வானது. ஆலையை அப்படியே நிறுத்தி, அதைச் சுற்றியும் அதற்குள்ளும் பூங்கா அமைப்பது என்பதே அவர் முன்வைத்த யோசனை. சுமார் 180 ஹெக்டேர் பரப்புள்ள அந்தப் பூங்கா 1994-ல் திறக்கப்பட்டது.

கடினமான வேலை மண்ணில்தான் இருந்தது. மாசு மிகுந்த தாதுக்கட்டி ஆலையை மட்டும் இடித்தார்கள். மிக மோசமான மண்ணைப் பழைய தாதுக் கிடங்குகளுக்குள் கொட்டி மூடி முத்திரையிட்டார்கள். மாசு குறைவாக இருந்த இடங்களில் மண்ணைத் தோண்டாமல், தானாக முளைத்த செடிகளையும் மரங்களையும் வளரவிட்டார்கள். அங்கே நிலம் தேறப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்தப் பொறுமையும் திட்டத்தின் ஒரு பகுதி. இரும்புத் தாதுவோடு தொலைநாடுகளிலிருந்து வந்து சேர்ந்த விதைகளும் இந்தப் புதர்களில் உண்டு.

பழைய எம்ஷரின் சாக்கடை நீர் நிலத்தடிக் குழாய்க்குள் போனது. அதன் மேலே வெட்டிய கால்வாயில் இப்போது கூரைகளிலிருந்து வடியும் மழைநீர் ஓடுகிறது. காற்றாலையால் இயங்கும் திருகு ஒன்று அந்த நீரை மேலேற்றித் தோட்டங்களுக்கு அனுப்புகிறது.

மீதமிருந்த கட்டடங்களுக்குப் புதிய வேலை கிடைத்தது. எரிவாயுத் தொட்டியில் நீர் நிரப்பி முக்குளிக்கிறார்கள். தாதுக் கிடங்குகளின் காங்கிரீட் சுவர்களில் மலையேற்றப் பயிற்சி நடக்கிறது. ஐந்தாம் ஊது உலையின் படிகளில் ஏறினால், சுமார் 70 மீட்டர் உயரத்திலிருந்து ஊரையே பார்க்கலாம். உலைகளின் நடுவே உள்ள சதுக்கத்தில் 49 கனத்த இரும்புத் தகடுகள் பதிக்கப்பட்டுள்ளன. முன்பு வார்ப்புக் குழிகளில் கிடந்தவை அவை. உருகிய இரும்பு அரித்த தடங்களைத் தகடுகளின் மேல் கையால் தடவிப் பார்க்கலாம். அவற்றுக்கு வண்ணம் பூசவில்லை. துரு பிடித்துத் தேயட்டும் என்றே விட்டிருப்பது சரியான முடிவு. இரும்பு உருக்கிய இடத்தின் வரலாறு அந்த அரிப்பில்தான் இருக்கிறது.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இரவிலும் உள்ளே போகலாம். ஒளி வடிவமைப்பாளர் ஜோனதன் பார்க் 1996-ல் அமைத்த வண்ண விளக்குகள் அப்போது உலைகளின்மேல் எரியும்.