கால்குலேட்டருக்குள்ளே ஒரு கிரிவலம்!

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பிங்கில் காலேஜ் பஸ்ஸுக்காக வெயிட்டிங்கா? பஸ் வர்றதுக்குள்ள பைக்குள் கையை விட்டு உங்க கால்குலேட்டரை வெளியே எடுங்க. ஆமா பாஸ், டிபன் பாக்ஸுக்கு அடியில் தூங்கிக்கிட்டு, செமஸ்டர் வந்தா மட்டும் கண் விழிக்குமே... அதேதான்! அதுல புரோகிராம் எழுதலாம்னு சொன்னா நம்புவீங்களா?

'சும்மா கலாய்க்காதீங்க. நான்-புரோகிராமபிள் மாடல்தான் வாங்கணும்னு சீனியர்ஸ் சொல்லித்தானே இதை வாங்கினோம்' என்கிறீர்களா? அதுவும் நிஜம்தான். ஆனாலும் ஒரு நிமிஷம் நான் சொல்றதைச் செய்து பாருங்க.

1 தட்டி = அழுத்துங்க. அடுத்து (ஆன்ஸ் + 2 ÷ ஆன்ஸ்) ÷ 2 என்று தட்டுங்க. இப்போ = பட்டனை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்துங்க. 1.5... 1.416666667... 1.414215686... 1.414213562... அப்புறம் நம்பர் நகராது. (பின்னமா வந்தா எஸ்-டி பட்டனைத் தட்டுங்க.) ரூட் பட்டனைத் தொடாமலேயே 2-இன் வர்க்கமூலம் வந்தாச்சு! நியூமரிக்கல் மெத்தட்ஸ் பேப்பரில் உங்களைப் படுத்தி எடுக்கிற நியூட்டன்-ராப்சன் முறைதான் இது. நாலே தட்டில் முடிந்துவிட்டது.

நீங்க இப்போ செய்ததுக்குப் பேர்தான் லூப். கிளம்பின இடத்துக்கே திரும்பி வரணும், ஆனா வரும்போது ஏதாவது ஒண்ணு மாறியிருக்கணும். திருவண்ணாமலைக்காரங்களுக்கு இதைத் தனியா விளக்கணுமா? பதினாலு கிலோமீட்டர் சுற்றுறோமே, அதே கணக்குதான்!

ரெண்டாவது ரவுண்டு

எஃப்எக்ஸ்-991எம்எஸ் அல்லது 991இஎஸ் இருந்தா இதையும் முயற்சி பண்ணுங்க. ஷிஃப்ட், எஸ்டிஓ வழியா 'ஏ'யில் 0, 'பி'யில் 1 என்று போட்டு வையுங்க. அப்புறம் இந்த வரி:

ஏ = ஏ + பி : பி = ஏ + பி

இதில் வரும் சமக்குறியும் நடுவில் இருக்கும் இரட்டைப் புள்ளியும் ஆல்ஃபா பட்டனை அழுத்தினால் கிடைப்பவை. எம்எஸ் மாடலில் அப்படியே = அழுத்திக்கிட்டே போங்க. இஎஸ் மாடலில் முதலில் கால்க் பட்டன், அப்புறம் =. நடுவில் 'ஏ? பி?' என்று கேட்டால் அதுக்கும் = தான் பதில். 1, 2, 3, 5, 8, 13... ஃபிபோனாச்சி எண்கள் வரிசையா வந்து நிற்கும்.

மாறிகள் இருக்கு, மதிப்பை மாற்றுறோம், வரிசையா ரெண்டு கட்டளை கொடுக்குறோம். இது புரோகிராமிங் இல்லாம வேறென்ன? 'எண்ணைச் சோதித்து அதற்கேற்ப வழி மாறு' என்கிற வசதிதான் இதில் இல்லை. அந்த ஒரு வசதியும் சேர்ந்தால் என்ன நடக்கும்? அங்கேதான் கதை சூடு பிடிக்குது.

அமெரிக்கப் பசங்க பாக்கெட்டில்...

1985-ல் கேஸியோ கம்பெனி எஃப்எக்ஸ்-7000ஜி என்ற மாடலை இறக்கியது. கிராஃப் வரையத் தெரிந்த முதல் கால்குலேட்டர். புரோகிராம் எழுத அதில் இருந்த இடம் வெறும் 422 பைட். ஒரு நீளமான எஸ்எம்எஸ் அளவுதான்! 1990-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், சுருக்கமா டிஐ, டிஐ-81 மாடலோடு களத்துக்கு வந்தது. 1995 முதல் அங்கே ஏபி கால்குலஸ் தேர்வுக்கு கிராஃபிங் கால்குலேட்டர் கட்டாயம் என்றாகிவிட்டது.

விளைவு? கணக்கு கிளாஸில் உட்கார்ந்திருக்கும் பையன் கையில், பொண்ணு கையில், டீச்சரே கொண்டுவரச் சொன்ன ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்! 1999-ல் வந்த டிஐ-83 ப்ளஸ்ஸைப் பாருங்க. 6 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இஸட்-80 சிப். குறுக்கே 96, நெடுக்கே 64 புள்ளி மட்டுமே உள்ள கறுப்பு-வெள்ளை ஸ்க்ரீன். நாம் பயன்படுத்த ராம் 24 கேபி. நீங்க படிக்கிற இந்தக் கட்டுரையை யுடிஎஃப்-8 யூனிகோடில் சேமித்தாலே கிட்டத்தட்ட அது நிரம்பிடும். 8 ஜிபி ராம் உள்ள போன், அதைவிட மூன்றரை லட்சம் மடங்கு பெரிசு.

இத்தனை சின்ன இடத்தில் பசங்க கேம் எழுதினாங்க. டிஐ-பேசிக் என்ற எளிய மொழியில் எழுதும்போது, வரியின் கடைசியில் வரும் மூடும் அடைப்புக்குறியைப் போடாமல் விட்டால் ஒரு பைட் மிச்சம். அந்த ஒரு பைட்டுக்காக மண்டையை உடைத்துக்கொண்ட கூட்டம் அது. வேகம் பத்தலை என்று தோன்றியவங்க, நேராக இஸட்-80 சிப்பின் அசெம்ப்ளி மொழிக்கே இறங்கிட்டாங்க. கம்பெனி கொடுக்காததை ஆர்வத்தில் தாங்களே செய்துகொள்ளும் இந்த வேலைக்கு 'ஹோம்ப்ரூ' என்று பேர். நம்ம ஊர் பாஷையில் வீட்டுத் தயாரிப்பு!

பூட்டும் சாவியும்

கம்பெனிகள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததா? சில நேரம் சிரித்தது, சில நேரம் முறைத்தது.

டிஐ-85 மாடலில் அசெம்ப்ளி ஓட்ட வழியே கிடையாது. ஆனால் மெமரியை கேபிள் வழியா கம்ப்யூட்டருக்கு பேக்கப் எடுக்கலாம். அந்த பேக்கப் ஃபைலை நைசா திருத்தி, திரும்ப ஏற்றி, 1994-ல் இஸட்-ஷெல் என்ற புரோகிராமை ஓட வைத்தார்கள் ஆர்வலர்கள். டிஐ என்ன செய்தது தெரியுமா? 83 ப்ளஸ்ஸில் அசெம்ப்ளி ஓட்ட ஒரு கட்டளையைத் தானே வைத்துக் கொடுத்தது!

ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்ற மட்டும் விடவில்லை. அதுக்கு 512 பிட் ஆர்எஸ்ஏ பூட்டு. 150 இலக்கத்தையும் தாண்டும் ஒரு எண்ணை ரெண்டு பகா எண்களாகப் பிரித்தால்தான் சாவி கிடைக்கும். 2009-ல் பெஞ்சமின் மூடி என்பவர் வீட்டுக் கம்ப்யூட்டரையே சுமார் 73 நாள் ஓட விட்டு அதைப் பிரித்துவிட்டார்! மற்ற மாடல்களின் சாவிகளையும் பலர் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். டிஐ காப்புரிமைச் சட்டத்தைக் காட்டி நோட்டீஸ் விட்டது. டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு, பொழுதுபோக்குப் புரோகிராமர்கள் பக்கம் நின்றது.

2020-ல் இன்னொரு அடி. தேர்வில் காப்பி அடிப்பதைத் தடுக்கணும் என்று சொல்லி, டிஐ-84 ப்ளஸ் சிஇ மாடலில் அசெம்ப்ளி, சி புரோகிராம்களுக்கு டிஐ கதவைச் சாத்தியது. அந்த வருஷமே ஆர்வலர்கள் அதற்கும் ஒரு மாற்று வழி கண்டுபிடித்தார்கள். பூட்டு, சாவி, பூட்டு, சாவி... இதுவும் லூப்தான்!

நம்ம ஊரில் ஏன் இல்லை?

நம்ம போர்டு எக்ஸாமில் கணக்கு பேப்பருக்குக் கால்குலேட்டர் கிடையாது. ஜேஇஇ-யிலும் கிடையாது. கேட் தேர்வில் ஸ்க்ரீனிலேயே ஒரு கால்குலேட்டர் வந்துடும், கையில் எடுத்துப்போகக் கூடாது. இன்ஜினீயரிங் செமஸ்டரிலோ புரோகிராம் எழுதுகிற மாடலுக்குத் தடை. அமெரிக்காவிலேயே 100 டாலருக்கு மேல் விற்கிற ஐட்டத்தை, தேர்வுக்கும் ஆகாதுன்னா, இங்கே எந்த அப்பா வாங்கித் தருவார்?

தடைக்குக் காரணம் நியாயம்தான். ஃபார்முலாவை மெமரியில் ஒளித்துவைத்து எழுதினால் அது பரீட்சையே இல்லை. ஆனால் அந்தத் தடை நம்மை வேறு ஒரு விதத்தில் பாதித்திருக்கிறது. கால்குலேட்டர் என்றால் எக்ஸாம் சாமான், அதுக்கு மேல நோண்டக் கூடாது என்று நாமே முடிவு பண்ணிட்டோம். மூணு மணி நேர ஹாலுக்குப் போட்ட விதியை வாழ்க்கை முழுக்க ஏன் தூக்கிச் சுமக்கணும்?

லேப்டாப் இல்லாததால் கோடிங் வரலை என்று நினைக்கும் நண்பர்கள் நம்மில் எத்தனை பேர்! டேட்டா ஸ்ட்ரக்சர் லேபில் ரெண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் கிடைத்து, அதிலும் டைப் பண்ணுவது பக்கத்து சீட்காரராக இருக்கும். ஆனால் சிந்தனைக்கு 8 ஜிபி தேவையில்லை. 24 கேபியில் கேம் எழுதினவங்களுக்குக் கிடைத்த பெரிய லாபமே, ஒவ்வொரு பைட்டும் எங்கே போகுது என்று தெரிந்ததுதான்.

இப்போ நீங்க...

1. மேலே சொன்ன ஃபிபோனாச்சி வரியை மாற்றி, 1 முதல் 10 வரை ஃபேக்டோரியல் வர வையுங்க. க்ளூ: ஒரு மாறி எண்ணணும், இன்னொண்ணு பெருக்கணும். ஆரம்ப மதிப்பு ரெண்டுக்கும் ஒண்ணு இல்லை!

2. போன் இருக்கா? நம்வொர்க்ஸ் என்ற ஃப்ரெஞ்ச் கம்பெனியின் கிராஃபிங் கால்குலேட்டர் இலவச ஆப்பாகவே கிடைக்குது. அதில் பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதலாம். சின்ன ஸ்க்ரீன், சின்ன மெமரி. கிட்டத்தட்ட அதே அனுபவம்.

3. கொஞ்சம் தில் இருந்தா, 991இஎஸ் ப்ளஸ் வகை கால்குலேட்டர்களை ஆர்வலர்கள் எப்படி உடைத்தார்கள் என்று தேடிப் படியுங்க. உள்ளே ஏற்கெனவே இருக்கும் புரோகிராம் துணுக்குகளையே பூ மாதிரி கோத்து, கம்பெனி நினைக்காத வேலையை வாங்கியிருக்காங்க. ரிட்டர்ன் ஓரியன்டட் புரோகிராமிங் என்று பேர். கம்ப்யூட்டர் செக்யூரிட்டியில் பெரிய பெரிய ஆளுங்க படிக்கிற பாடம், உங்க கால்குலேட்டர் மேலேயே நடந்திருக்கு!

ஒரே ஒரு கண்டிஷன். எக்ஸாம் ஹாலுக்குப் போகும் முன் மெமரியைச் சுத்தமா க்ளியர் பண்ணிடுங்க. ஹாலுக்கு வெளியே அது உங்க காசில் வாங்கின உங்க மெஷின். முதல்ல அந்த ஃபேக்டோரியலை முடிங்க. பத்தாவது சுற்றில் 36,28,800 வந்தா, நீங்க பாஸ்... பாஸ்!