பொலிஸ் காரின் வேகம் எதற்காக?

பொலிஸ் கார் என்றதும் நாம் அதன் வேகத்தையே எண்ணுகின்றோம். ஆனால், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பொலிஸார் ஆண்டுதோறும் நடத்தும் வாகனப் பரிசோதனையில் உச்ச வேகத்துடன் பிரேக்கின் திறனும் அளவிடப்படுகின்றது. வேகம் இரு மடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும். பிரேக் பிடித்த பின்னர் கார் ஓடும் தூரமும் ஏறத்தாழ அவ்வாறே நீளும்.

இத்தாலியப் பொலிஸாரின் லம்போர்கினி கார் ஒன்று 2009 இல் விபத்துக்குள்ளாகிச் சிதைந்தது. அவர்களது மற்றொரு லம்போர்கினியே 2020 இல், மாற்றுச் சத்திரசிகிச்சைக்கான சிறுநீரகத்தைப் பதுவாவிலிருந்து ரோமுக்கு, சுமார் 490 கிலோ மீற்றர் தூரத்தை இரண்டு மணித்தியாலமளவில் கடந்து, கொண்டு சேர்த்தது.

உயிர்காக்கும் தேவைக்கே அதிவேகம் பயன்பட வேண்டும். வீதியில் செல்லும் மக்களின் பாதுகாப்பே அதன் எல்லையாக அமைதல் வேண்டும் என்பதே எமது நிலைப்பாடாகும்.