உங்களுக்குத் தெரியுமா? ஊமையாகிப்போன கருவியைப் பேசவைப்பவை

● ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பாற்றுக் களப்பு. நடுவே, இலங்கையின் கிழக்குக் கரையில் வாகரைக்கு அருகே, பனிச்சங்கேணி. 2004 டிசம்பர் 26 காலை சுமத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் கரையில் இருந்தவர்களுக்கு ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. பின்னர் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இலங்கைக் கரையோரம் நெடுக 77 முன்னெச்சரிக்கைக் கோபுரங்களை நிறுத்தியது. கீழே நின்று பார்ப்பவர் கண்ணில் படுவது ஒலிபெருக்கிதான். கட்டளையை வாங்கி அதை ஒலிக்கச் செய்வது பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று. இப்படி ஒரு கருவிக்குள் ஒரே வேலைக்கென்று பொருத்தப்படும் சிறு கணினிக்கு உட்பொதி கணினி என்று பெயர். திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. பழுதானால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் சும்மா நின்று ஒரேயொரு நாள் தவறாமல் இயங்கவேண்டிய கருவிக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

● பிழை தேட உதவும் சாதனங்களில் ஆக மலிவானது ஓர் எல்.ஈ.டி. விளக்கு. நிரல் ஒரு சுற்று ஓடி முடிக்கும்போதெல்லாம் அது ஒருமுறை மின்னும்படி எழுதிவிட்டால் போதும். மின்னுவது நின்றால் நிரல் எங்கோ சிக்கிவிட்டது என்று அர்த்தம். புதிதாகச் செய்யும் எந்தக் கருவியிலும் இந்த விளக்கை விட்டுவிடாதீர்கள்.

● அடுத்த படி, கருவியையே எழுதிக்காட்டச் சொல்வது. தொடர் இணைப்பு வயர்கள் வழியாக "இந்த இடத்துக்கு வந்துவிட்டேன், அழுத்தம் இவ்வளவு" என்று அது மடிக்கணினிக்கு வரி வரியாக அனுப்பும். பொறியியலாளர்கள் பலர் நம்புவது இதைத்தான். ஆனால் எழுதிக்காட்டவும் நேரம் பிடிக்கும். செக்கனுக்கு 115,200 பிற் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 87 மைக்ரோசெக்கன். 40 எழுத்து வரி ஒன்று போய்முடிய மூன்றரை மில்லிசெக்கன் ஆகும். 16 மெகாஹேர்ட்ஸ் சிப் ஒன்றின் கடிகாரம் அதற்குள் 55,000 தடவைக்கு மேல் துடித்துவிடும். இதனால்தான் சில பிழைகள் வரியைச் சேர்த்தால் மறைகின்றன, எடுத்தால் திரும்பி வருகின்றன.

● சிப்பின் கால்கள் நெருங்கிப்போய், அவற்றில் ஊசி வைத்துச் சோதிக்க முடியாத நிலை 1980களில் வந்தது. 1985இல் மின்னணு நிறுவனங்கள் கூடி ஒரு குழு அமைத்தன. அதன் பெயரால்தான் ஜேடாக் என்ற முறை இன்றும் அழைக்கப்படுகிறது. 1990இல் அது ஐ.ட்ரிப்பிள்.ஈ. 1149.1 என்ற தரநிர்ணயமானது. நான்கே கம்பிகளில் சிப்புக்குள் நுழையலாம். பின்னர் ஆர்ம் நிறுவனம் தன் சிப்களுக்கு அதை இரண்டு கம்பியாகக் குறைத்தது. நிரலை நினைத்த வரியில் நிறுத்தி, நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, மறுபடி ஓடவிடலாம். ஓடும் மோட்டரைக் கட்டுப்படுத்தும் சிப்பை மட்டும் அப்படி நடுவழியில் நிறுத்தக் கூடாது. மோட்டர் கட்டுப்பாடில்லாமல் ஓடும், மின்சுற்றே எரிந்துபோகலாம்.

● இதற்கான மென்பொருளுக்குக் காசு வேண்டாம். நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கவிடும் ஜி.டி.பி.யை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதினார். கணினிக்கும் ஜேடாக்குக்கும் நடுவே நின்று பேசும் ஓப்பன் ஓ.சி.டி., ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க்கில் டொமினிக் ராத் என்ற மாணவர் 2005இல் தன் பட்ட ஆய்வாகச் செய்தது.

● உப்புக்காற்று கருவியை எப்படி ஏமாற்றும் என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். களப்போரத்தில் ஒரு நீர்மட்ட அளவி. குறுஞ்செய்தி அனுப்பப் போகும் ஒவ்வொரு தடவையும் அணைந்து, மறுபடி தொடங்குகிறது. மல்டிமீற்றரை வைத்தால் 3.9 வோல்ற்று, குறை ஒன்றும் இல்லை. தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்தால் "பீப்" என்கிறது. பற்றரியும் நல்லது, வயரும் நல்லது. பிறகு என்ன?

ஜி.எஸ்.எம். மொடம் தொடர்ச்சியாக மின்சாரம் இழுப்பதில்லை. 4.6 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை, 577 மைக்ரோசெக்கன் மட்டும், 2 அம்பியர் வரை சட்டென்று இழுக்கும். பற்றரி முனையில் உப்புப் படிந்து பச்சை பூத்து 0.4 ஓம் தடை சேர்ந்திருந்தால் அந்தக் கணத்தில் 0.8 வோல்ற்று விழும். 4.0 வோல்ற்று 3.2 ஆகும். இவ்வகை மொடம் பலவற்றுக்கு 3.4 வோல்ற்றாவது வேண்டும். தண்ணீர் மோட்டர் போட்டதும் வீட்டு விளக்கு மங்குமே, அப்படித்தான். மல்டிமீற்றர் சராசரியைக் காட்டுகிறது, ஆகவே அதன் கண்ணில் பள்ளம் படாது. 0.4 ஓம் என்பது "பீப்" சத்தத்தையும் தடுக்காது. அலைவுகாட்டியை வைத்தால்தான் வரிசையாக விழும் பள்ளங்கள் தெரியும். பேர்டினண்ட் பிரவுண் 1897இல் உருவாக்கிய கதோட்டுக் கதிர்க் குழாயிலிருந்து வளர்ந்த கருவி அது. உயர்தரப் பௌதிகவியல் மாணவர்கள் சைன் அலை பார்க்கும் அதே கருவி.

● சிக்கி நிற்கும் நிரலைத் தானாகவே மறுதொடக்கம் செய்யும் காவல் கடிகாரம் பெரும்பாலான சிப்களில் உண்டு. காப்பாற்றுவதும் அதுதான், சில நேரம் நோயை மறைப்பதும் அதுதான். கடைசியாக ஏன் மறுதொடக்கம் ஆனது (மின்னழுத்தம் விழுந்ததா, காவல் கடிகாரமா, யாராவது பொத்தானை அழுத்தினார்களா) என்று பல சிப்கள் ஒரு பதிவகத்தில் குறித்துவைக்கும். அதைப் படித்துச் சேமிக்காத நிரல்களும் உண்டு. அங்கே கிடைக்கும் ஒரு வரி நாட்கணக்கான அலைச்சலை மிச்சப்படுத்தும்.

● 1997 ஜூலை 4இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலமும் இப்படித்தான் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆனது. காரணம் கலிபோர்னியாவில் பிடிபட்டது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் இருந்த மாதிரிக் கருவியில் அதே நிரலை ஓட்டி, ஒவ்வொரு பணியும் எப்போது தொடங்கி எப்போது நின்றது என்று பதிவுசெய்தார்கள். வானிலைத் தரவு சேர்க்கும் கீழ்நிலைப் பணி, ஒரு நேரத்தில் ஒரே பணி மட்டும் வைத்திருக்கக்கூடிய ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது. மேல்நிலைப் பணி அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. இடைநிலைப் பணிகள் நடுவே புகுந்து கீழ்நிலைப் பணியை ஓடவிடவில்லை. பூட்டு வைத்திருக்கும் பணிக்குத் தற்காலிகமாக முன்னுரிமை தரும் அமைப்பு மென்பொருளில் ஏற்கெனவே இருந்தது. அதை இயக்கும்படி பூமியிலிருந்தே கட்டளை அனுப்பினார்கள், சரியானது.

● இந்தியாவின் ஹைதராபாத்தில் உள்ள இன்கொயிஸ் கடல் தகவல் நிலையம் 2007 அக்டோபரிலிருந்து சுனாமி எச்சரிக்கை மையமாக இயங்குகிறது. 2011 முதல் இந்து சமுத்திர நாடுகளுக்கும் தகவல் தருகிறது. அதற்குத் தரவு தரும், வங்காள விரிகுடாவின் அடியில் இருக்கும் அழுத்தமானிகள் கடலுக்குள் இருந்து ஒலி அலையாகவே மேலே மிதக்கும் மிதவையுடன் பேசுகின்றன. ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்தில் எந்தப் பொறியியலாளரும் வயர் செருக முடியாது. தேடவேண்டிய பிழையையெல்லாம் கப்பலேற்றும் முன்பே தேடியாக வேண்டும்.

● வாகரைப் பக்கத்துப் பாடசாலை மாணவர் ஒருவர் இன்றே தொடங்கலாம். எட்டுக் கம்பிகளில் ஓடும் துடிப்புகளைப் பார்க்கும் சிறு லொஜிக் அனலைசர் மலிவாகக் கிடைக்கிறது. சிக்ரொக் என்ற இலவச மென்பொருள் அதோடு சேர்ந்து வேலைசெய்யும். ஓர் உணரியை ஐ.டு.சி. என்ற இரு கம்பி இணைப்பில் இணைத்து, அதில் ஓடும் துடிப்புகளைத் திரையில் விரித்துப் பாருங்கள். எட்டுத் துடிப்புகளில் உணரியின் முகவரியும் படிக்கவா எழுதவா என்பதும் போகும். ஒன்பதாவதில் உணரி கோட்டைக் கீழே இழுத்தால் "இருக்கிறேன்" என்று பொருள். கோடு மேலேயே நின்றால் நிரலைத் திருத்தத் தொடங்காதீர்கள். முதலில் முகவரி சரியா, உணரிக்கு மின்சாரம் போகிறதா, முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.