பம்பாயை வென்ற புதுக்கோட்டைப் பயில்வான்

வெள்ளித்திரையில் நம் மண் – 6

1894, மார்ச் மாதம். அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசனின் படப்பிடிப்புக் கூடத்துக்கு ஜெர்மானியப் பயில்வான் ஒருவர் வருகிறார். சட்டை இல்லாத உடம்போடு கேமராவுக்கு முன்னால் நின்று கையை மடக்குகிறார், தோளைத் திருப்புகிறார், முதுகுத் தசையை முறுக்கிக் காட்டுகிறார். ஒரு நிமிடம்கூட ஓடாத படம். கதை கிடையாது, பேச்சு கிடையாது. ஆனாலும் காசு கொடுத்துப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். அந்தப் பயில்வானின் பெயர் யூஜின் சாண்டோ. சலனப்படம் பிறந்த கையோடு அதில் இடம்பிடித்த முதல் பிரபலங்களில் அவரும் ஒருவர்.

அதே 1894-இல்தான் புதுக்கோட்டையில் நாகலிங்கம் பிறந்தார். உடற்பயிற்சியில் தேர்ந்து, அந்தப் பயில்வானின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு, இந்திய மௌனப்பட உலகின் முன்னணி நாயகர்களில் ஒருவராக நின்று, பிறகு தமிழ்ப் பேசும் படத்தை வீட்டுக் கூடத்துக் கதைகளின் பக்கம் திருப்பிவிட்டவர். பி.கே. ராஜா சாண்டோ என்றால் அன்றைக்குப் பம்பாய்க்கும் தெரியும், சென்னைக்கும் தெரியும். ஆலங்குடியில் பஸ் ஏறினால் சுமார் 20 கிலோமீட்டரில் அவர் பிறந்த ஊர். ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

குதிரையில் வந்த நாயகர்கள்

சாண்டோவின் இடத்தைப் புரிந்துகொள்ள, அதே காலத்து ஹாலிவுட்டை ஒரு நடை பார்த்துவிட்டு வரவேண்டும்.

1903-இல் ‘தி கிரேட் டிரெய்ன் ராபரி’ என்ற சின்னப் படம் அமெரிக்காவைக் கலக்கியது. ரயில் கொள்ளை, துப்பாக்கி, குதிரைத் துரத்தல். அதில் ஒன்றுக்கு மேற்பட்ட சிறு வேடங்களில் தலைகாட்டிய ஒருவருக்குக் குதிரையேற்றமே சரியாக வராது. அவர்தான் பின்னாளில் ‘பிராங்கோ பில்லி’ ஆண்டர்சன் என்ற பெயரில் முதல் கௌபாய் நட்சத்திரம் ஆனார். 1907-இல் எஸ்ஸனே என்ற சொந்தக் கம்பெனியைக் கூட்டாகத் தொடங்கி, தானே நடித்து, தானே இயக்கி, படங்களாக எடுத்துத் தள்ளினார். வில்லியம் எஸ். ஹார்ட் நாடக மேடையில் ஷேக்ஸ்பியர் நடித்தவர். ஐம்பது வயதை நெருங்கும்போது சினிமாவுக்கு வந்து கௌபாய் படத்துக்கு ஒரு கண்ணியத்தைக் கொடுத்தார். டாம் மிக்ஸ் வேறு ரகம். ‘101 ராஞ்ச்’ என்ற வித்தைக் குழுவில் குதிரையேற்றமும் கயிறு வீச்சும் காட்டிப் பிழைத்தவர். திரையிலும் ஆபத்தான காட்சிகளைத் தானே செய்தார். டோனி என்ற அவருடைய குதிரைக்கே தனி ரசிகர் கூட்டம் இருந்தது.

பேச்சில்லாத படத்தில் உடம்புதான் வசனம். ஓடுவதும் தாவுவதும் விழுவதும் எழுவதும் எந்த நாட்டுக்காரனுக்கும் புரியும். அதனால்தான் சர்க்கஸ் வித்தைக்காரராக இருந்து நடிகரான எட்டி போலோவின் சண்டைப் படங்கள் தமிழ்நாட்டு ஊர்களில்கூட அமோகமாக ஓடின. திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதையை உரத்துச் சொல்லுவார். ஆனால் எட்டி போலோ எதிராளியைத் தூக்கி எறியும்போது யாருடைய விளக்கமும் தேவைப்படவில்லை. கொட்டகை தானாகவே ஆர்ப்பரித்தது.

அப்படியொரு நாயகன் இந்தியத் திரைக்கும் வேண்டியிருந்தது. அந்த இடத்துக்குத்தான் நம் ஊர்க்காரர் போய்ச் சேர்ந்தார்.

பம்பாய்க்குப் போன நாகலிங்கம்

அன்றைய புதுக்கோட்டை தனி சமஸ்தானம். ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என மூன்றே தாலுகாக்கள். நான்கு பக்கமும் பிரிட்டிஷ் இந்தியா. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம், குஸ்தி எல்லாம் இளவட்டங்களின் அன்றாடமாக இருந்த பூமி. வன்னியன்விடுதித் திடலில் இன்றைக்கும் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கும் பையனைப் பார்த்தால், இந்த வட்டாரத்தில் உடம்பின் துணிச்சலுக்கு என்ன மரியாதை என்பது விளங்கிவிடும். டாம் மிக்ஸுக்குக் குதிரையும் கயிறும் எப்படியோ, அப்படித்தான் இந்த மண்ணின் இளைஞனுக்குக் கர்லாவும் கோதாவும்.

யூஜின் சாண்டோ 1904-05-இல் இந்தியாவுக்கே சுற்றுப்பயணம் வந்துபோனார். அதன்பிறகு தேகப்பயிற்சி நாடு முழுக்க ஒரு மோகமாகவே பரவியது. வெள்ளைக்காரனுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்க ஒரு வழி என்றும் பலர் அதைக் கண்டார்கள். பயில்வான்கள் தங்கள் பெயரோடு ‘சாண்டோ’வைச் சேர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் கோவையிலிருந்து வந்த படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கும் அந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டதை எல்லோரும் அறிவோம். நாகலிங்கம் அவருக்கு ஒரு தலைமுறை மூத்தவர்.

புதுக்கோட்டைக்கு ரயில் வந்ததே 1929-இல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நாகலிங்கம் பம்பாயில் இருந்தார். திரையுலகில் தெரிந்த முகம் கிடையாது, இந்தி நாடக அனுபவம் கிடையாது. கையில் இருந்த முதல் ஒன்றே ஒன்று, அந்த உடம்பு. எஸ்.என். பாடங்கரின் நேஷனல் ஃபிலிம் கம்பெனியில் சண்டை நடிகராகச் சேர்ந்தார். 1922-இல் ‘பக்த போதனா’ படத்தில் முக்கிய வேடம் கிடைத்தது. அடுத்த ஆண்டே ‘வீர் பீம்சேன்’. பீமன் வேடத்துக்கு இப்படியோர் ஆள் அகப்பட்டால் எந்தக் கம்பெனி விடும்? அந்தப் படம் அவரை நட்சத்திரமாக்கியது.

அந்தக் காலத்துச் சண்டைக் காட்சி எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்க்கவேண்டும். கேமராவைக் கையால் சுற்றுவார்கள். வெளிச்சத்துக்குச் சூரியனையே நம்பியிருந்தார்கள். விழுந்தால் தாங்க வலையோ மெத்தையோ இருக்கும் என்ற நிச்சயம் இல்லை. கம்ப்யூட்டர் ஜாலம் என்பதை யாரும் கனவில்கூடக் கண்டிருக்கமாட்டார்கள். நாயகன் குதித்தான் என்றால் நிஜமாகவே குதித்தான். தசையும் மூச்சும் ஒத்துழைக்காதவர்கள் அந்தத் தொழிலில் நீடிக்க முடியாது.

கோட்டு அணிந்த பயில்வான்

சாண்டோவின் வாழ்க்கையில் என்னை மிகவும் கவரும் கட்டம் இதுதான். பீமனாகவே அவர் காலத்தை ஓட்டியிருக்கலாம். டாம் மிக்ஸ் கடைசிவரை குதிரையை விட்டு இறங்கவில்லை. ரசிகர்களும் அவரை இறங்க விடவில்லை. சாண்டோ இறங்கினார்.

1926-இல் ‘டைப்பிஸ்ட் கேர்ள்’. நாயகி, நாட்டின் மிகப்பெரிய நட்சத்திரமாக உயர்ந்துகொண்டிருந்த சுலோசனா. மறு ஆண்டு ‘குண சுந்தரி’, ‘படித்த மனைவி’. இரண்டிலும் கோஹர் நாயகி. மூன்றையும் இயக்கியவர் சந்துலால் ஷா. வேலைக்குப் போகும் பெண், அலுப்போடு வீடு திரும்பும் கணவன், அவனுக்காகவே வாழ்ந்து தேய்ந்து ஒருநாள் விழித்துக்கொள்ளும் மனைவி. இந்தியாவின் நகரங்களில் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கிய வாழ்க்கையை இந்தப் படங்கள் திரையில் வைத்தன. கதாயுதம் தூக்கிய கையோடு சாண்டோ கோட்டுப் போட்டுக்கொண்டு அந்த வீடுகளுக்குள் நடமாடினார். 1928-இல் ‘சினேக ஜோதி’ படத்தின் மூலம் இயக்குநரும் ஆகிவிட்டார்.

இந்தப் பயிற்சியை அவர் பம்பாயிலேயே விட்டுவிட்டு வரவில்லை.

சென்னைக்கு வந்த சமூகக் கதை

சென்னையில் ஆர். பத்மநாபன் அசோசியேட்டட் ஃபிலிம்ஸ் என்ற கம்பெனியை நடத்திவந்தார். அதற்காகச் சாண்டோ இயக்கிய மௌனப் படங்கள் ‘பேயும் பெண்ணும்’, ‘நந்தனார்’, ‘அனாதைப் பெண்’. முதல் இரண்டும் 1930-இல் வந்தவை. ‘அனாதைப் பெண்’ 1931-இல் வந்தது, எழுத்தாளர் வை.மு. கோதைநாயகி அம்மாளின் நாவல் அது. ஒரு பெண் எழுதிய நாவல் மௌனப்படக் காலத்திலேயே திரைக்கு வந்துவிட்டது என்பது தமிழர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்து, பின்னாளில் ‘தியாக பூமி’ எடுத்த கே. சுப்ரமணியம் சினிமாத் தொழிலைப் பழகத் தொடங்கியதும் இந்தக் கம்பெனியில் சாண்டோவோடுதான்.

1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ வந்தது. தமிழ்த் திரை பேசத் தொடங்கியது. பேசியது என்பதைவிடப் பாடியது என்பதே சரி. நாடக மேடையில் ஓடிய புராணக் கதைகள் அப்படியே திரைக்கு மாறின. கடவுள்களும் ராஜாக்களுமே எங்கும் நிறைந்திருந்தார்கள்.

1935-இல் அந்த ஓட்டத்தை எதிர்த்து வந்தது ‘மேனகா’. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் நாவலை டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகமாக நடத்திவந்தார்கள். புகுந்த வீட்டில் நாத்தனார்களின் கொடுமைக்கு ஆளாகும் ஒரு பெண்ணின் கதை. அதைச் சாண்டோ படமாக்கினார். தமிழின் முதல் சமூகப் பேசும்படம் என்று வரலாற்றாளர்கள் குறிப்பிடுவது இதைத்தான். டி.கே. சண்முகம், டி.கே. பகவதி நடித்த இந்தப் படத்தில்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையும் தமிழ் ரசிகர்கள் முதன்முதலில் திரையில் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு ‘சந்திரகாந்தா’. ஜே.ஆர். ரங்கராஜுவின் நாவல். மடாதிபதி ஒருவரின் லீலைகளைத் தோலுரிக்கும் கதை, காளி என். ரத்தினம் அந்த வேடத்தில் வெளுத்துக்கட்டினார். ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரித்த அந்தப் படத்தில் சுண்டூர் இளவரசனாக ஒரு புதுமுகம் அறிமுகமானார். அவருக்கு அப்போது வயது 20. நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர், பாட்டு வரும், சிலம்பம் வரும், குஸ்தியும் வரும். ஊர் எது என்று கேட்டால் அவரும் புதுக்கோட்டைதான். பி.யு. சின்னப்பா!

நான்கே ஆண்டுகளில் அந்த இளைஞர் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் போட்டுத் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தார். ஒரு புதுக்கோட்டைப் பயில்வானைத் திரைக்குக் கொண்டுவந்தவர் இன்னொரு புதுக்கோட்டைப் பயில்வான் என்பதை நம் ஊரில் கல்வெட்டாகவே வெட்டி வைத்திருக்க வேண்டும்.

சாண்டோ படப்பிடிப்பில் மிகவும் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். எம்.கே. தியாகராஜ பாகவதரை வைத்து 1939-இல் அவர் இயக்கிய ‘திருநீலகண்டர்’ பெருவெற்றி. ‘சூடாமணி’ (1941), ‘ஆராய்ச்சிமணி’ (1942) என வேலை தொடர்ந்தது. பாகவதரின் ‘சிவகவி’யையும் அவர்தான் தொடங்கினார். தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவோடு ஒத்துப்போகாமல் பாதியில் விலக நேர்ந்தது. மீதியை நாயுடுவே எடுத்து முடித்தார். ஐம்பது வயது நிறையும் முன்பே சாண்டோ கோயம்புத்தூரில் காலமானார்.

எங்கே அந்தப் படங்கள்?

பிராங்கோ பில்லிக்கு ஹாலிவுட் 1958-இல் சிறப்பு ஆஸ்கார் கொடுத்துக் கௌரவித்தது. தமிழ்த் திரைக்குத் தொண்டு செய்தவர்களுக்குத் தமிழக அரசு ராஜா சாண்டோ பெயரில் விருது வழங்குகிறது. பெயர் வாழ்கிறது, மகிழ்ச்சி. அந்தப் பெயருக்குரியவர் திரையில் எப்படி நடந்தார், எப்படிச் சிரித்தார், எப்படிப் பாய்ந்தார் என்று இன்று ஒருவர் பார்க்க ஆசைப்பட்டால் என்ன செய்வது?

மௌனப் படங்கள் நைட்ரேட் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. சூடு பட்டால் பற்றிக்கொள்ளும். பற்றினால் அணைப்பது கடினம். 1937-இல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் கம்பெனியின் ஃபிலிம் கிடங்கு எரிந்தபோது டாம் மிக்ஸின் படங்களில் பெரும்பகுதி சாம்பலானது. நம் நாட்டில் தீயோடு அலட்சியமும் சேர்ந்துகொண்டது. ஓடி முடிந்த ஃபிலிமை அதில் இருக்கும் வெள்ளிக்காக உருக்கி விற்றார்கள். இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964-இல் தொடங்கப்படுவதற்குள் அவற்றில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. தென்னிந்திய மௌனப் படங்களில் முழுமையாகக் கிடைப்பது 1933-இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ ஒன்றுதான். ‘அனாதைப் பெண்’ணை நாம் இனிப் பார்க்க முடியாது.

ஃபிலிம் போனாலும் காகிதம் மிஞ்சியிருக்கலாம். அந்தக் காலத்தில் படம் பார்க்கப் போனவர்கள் பாட்டுப் புத்தகம் வாங்கி வந்தார்கள். மாட்டு வண்டியில் தமுக்கடித்துக்கொண்டு வந்து நோட்டீஸ் கொடுத்தார்கள். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், திருவரங்குளம், அரிமளம் பக்கத்துப் பழைய வீடுகளில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பரணிலோ அப்படி ஏதாவது இருக்கக்கூடும். கரையான் அரித்துப்போகும் முன், வீட்டை இடித்துக் கட்டும் முன், ஒருமுறை அவற்றைப் பிரித்துப் பாருங்கள். ‘மேனகா’, ‘சந்திரகாந்தா’, ‘திருநீலகண்டர்’ என்ற பெயர் கண்ணில் பட்டால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். புதுக்கோட்டையிலேயே ஞானாலயா நூலகம் இருக்கிறது. சென்னையில் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களிலிருந்து வளர்ந்த ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே சேர்ப்பித்துவிடுங்கள். ராஜா சாண்டோவைப் பற்றி இனி எழுதப்போகிறவர்களுக்கு அந்த ஒரு தாள் போதும்.

(அடுத்த வாரம்: பி.யு. சின்னப்பா)