ஆர்எஃப்ஐடி: மருத்துவமனைக் கருவிகளைக் குழப்புமா இந்த ரேடியோ அலை?

பேருந்தில் ஏறுகிறீர்கள். அட்டையைத் தட்டுகிறீர்கள். 'பீப்'. அவ்வளவுதான்.

அந்த அட்டைக்குள் பேட்டரி கிடையாது. அப்புறம் எப்படி வேலை செய்கிறது?

பேருந்தில் இருக்கும் கருவி ரேடியோ அலைகளை அனுப்புகிறது. அந்த அலைகளிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு அட்டை தன் அடையாள எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. இதுதான் ஆர்எஃப்ஐடி, அதாவது ரேடியோ அலைவழி அடையாளம் காணும் தொழில்நுட்பம். நூலகப் புத்தகங்களிலும் இதே சங்கதிதான்.

மருத்துவமனைகளுக்கும் இது கைகொடுக்கிறது. இந்த ரத்தப் பை இந்த நோயாளிக்குத்தானா? அவசரத்துக்குத் தேவைப்படும் கருவி எந்த வார்டில் நிற்கிறது? நொடியில் தெரிந்துவிடும். 2003இல் சார்ஸ் பரவியபோது சிங்கப்பூரில் மருத்துவமனைக்கு வந்துபோனவர்களின் தடமறியவும் ஆர்எஃப்ஐடி அட்டைகள் பயன்பட்டன.

பிரச்சினை எங்கே?

நெதர்லந்தின் ஆம்ஸ்டர்டாம் நகர ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் அறை ஒன்றில், நோயாளி யாரும் இல்லாத நேரத்தில், 41 மருத்துவக் கருவிகளின் அருகே ஆர்எஃப்ஐடியை இயக்கிப் பார்த்தார்கள். 'ஜாமா' மருத்துவச் சஞ்சிகையில் 2008இல் முடிவுகள் வெளியாயின.

மொத்தம் 123 சோதனைகள். 34 முறை இடையூறு. அவற்றில் 22, நோயாளிக்கு ஆபத்தானவை என வகைப்படுத்தப்பட்டன.

செயற்கைச் சுவாசக் கருவி அணைந்துபோனது. மருந்து செலுத்தும் பம்ப் நின்றது. உடலுக்கு வெளியே பொருத்தும் பேஸ்மேக்கர் தடுமாறியது. நோயாளியைக் காப்பாற்றத்தான் இந்தத் தொழில்நுட்பமே வந்தது என்பதை நினைத்தால் கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது.

பட்டை காரணமா?

இல்லை. இங்கேதான் பலர் குழம்பிவிடுகிறார்கள். நோயாளியின் கையில் கட்டும் பட்டை பேசுவது கிசுகிசு மாதிரி. உரக்கப் பேசுவது அதைப் படிக்கும் கருவி. பேட்டரி இல்லாத பட்டைக்குச் சக்தியையும் அதுவே கொடுக்கவேண்டுமே!

மருத்துவக் கருவிகளின் வயர்கள் சில நேரம் ஏரியல் போல அந்த அலைகளைப் பிடித்துவிடும். இதயத்திலிருந்து வரும் மிகச் சிறிய மின்துடிப்பை அளக்கும் கருவிக்கு எது இதயம், எது இரைச்சல் என்று பிரித்துப் பார்ப்பது சிரமம்.

ஆம்ஸ்டர்டாம் சோதனையில் பேட்டரி இல்லாத 868 மெகாஹெர்ட்ஸ் வகை, 41 சோதனைகளில் 26 இடையூறுகளை ஏற்படுத்தியது. பேட்டரி உள்ள 125 கிலோஹெர்ட்ஸ் வகையில் அது 8 மட்டுமே.

அப்படியென்றால் குறைந்த அலைவரிசை பாதுகாப்பானது என்று முடிவுகட்ட முடியுமா? முடியாது. உடலுக்குள் பொருத்தப்படும் பேஸ்மேக்கர்களை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது நிலைமை தலைகீழ். 2010இல் வெளியான அந்த ஆய்வில், குறைந்த அலைவரிசையில் 67 விழுக்காட்டுச் சோதனைகளில் பேஸ்மேக்கரிடம் மாற்றம் தெரிந்தது. மிக உயர்ந்த அலைவரிசையில் ஒன்றுகூட இல்லை. ஆக, எந்தக் கருவிக்குப் பக்கத்தில் எந்த அலை என்பதைத் தனித்தனியாகச் சோதித்தே ஆகவேண்டும்.

எவ்வளவு தள்ளி இருக்கவேண்டும்?

ஆம்ஸ்டர்டாமில் இடையூறு ஏற்பட்ட தூரத்தின் இடைநிலை அளவு 30 சென்டிமீட்டர். பள்ளி ரூலர் நீளம்தான். ஆனால் 6 மீட்டர் தள்ளியும் இடையூறு பதிவானது. அதனால் 'ஒரு ரூலர் தள்ளி வைத்தால் போதும்' என்று மருத்துவமனைகள் இருந்துவிட முடியாது. படிக்கும் கருவியைப் பொருத்துமுன் அந்த வார்டில் உள்ள கருவிகளோடு சேர்த்துச் சோதிக்கவேண்டும், தேவைப்பட்டால் அதன் சக்தியைக் குறைக்கவேண்டும்.

மருத்துவக் கருவிகளும் அப்படியே நின்றுவிடவில்லை. அவை எவ்வளவு மின்காந்த இடையூறைத் தாங்கவேண்டும் என்பதற்கான அனைத்துலகத் தரநிலை 2014இல் கடுமையாக்கப்பட்டது. பக்கத்திலேயே இருக்கும் கம்பியில்லாச் சாதனங்களையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. என்றாலும் பழைய கருவிகள் பல ஆண்டு உழைக்கும் என்பதை மறக்கவேண்டாம்.

உங்கள் கைத்தொலைபேசியில் கட்டணம் செலுத்த உதவும் 'என்எஃப்சி'யும் ஆர்எஃப்ஐடி குடும்பம்தான். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கைத்தொலைபேசியைக் குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்துக்கொள்ளும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. சட்டைப் பையில் போனை வைக்கும் பழக்கம் உங்கள் தாத்தாவுக்கு இருந்து, அவருக்குப் பேஸ்மேக்கரும் இருந்தால், இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: "தாத்தா, போன் இனிமேல் கால்சட்டைப் பையில்!"